பெடல் ஸ்டீல் கிற்றாருக்கு வால்வு அம்ப்ளிஃபயர் கட்டிய அனுபவங்கள்

பரந்தனிலிருந்து

கனடாவில் வசிக்கும் மாமா 2019 ஆம் ஆண்டு ஊருக்கு வந்தபோது, அங்கே தேவாலய இசைக்குழுவில் தாம் வாசித்த பத்துத் தந்திப் பெடல் ஸ்டீல் கிற்றாரை என்னிடம் விட்டுச் சென்றார். கிடையாக வைத்து, தந்திகளின்மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி, காலால் மிதிக்கும் பெடல்களால் சுருதியை மாற்றி வாசிக்கும் கருவி அது. அம்ப்ளிஃபயரைக் கொண்டுவர அவரால் முடியவில்லை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற ஒன்று ஏறத்தாழ 29 கிலோ எடையுள்ளது. அத்துடன் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்ட மின்மாற்றியின் இரும்பு உள்ளகம், நம்முடைய 50 ஹெர்ட்ஸில் தேவைக்கு மேல் சூடேறக்கூடும். ஆகவே நானே ஒன்றைக் கட்டத் துணிந்தேன்.

சாதாரண மின்கிற்றார் வாசிப்பவர்களுக்கு வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) சற்றுக் கரகரத்தால் மகிழ்ச்சி. எங்களுக்கு அது தொல்லை. தந்தியைத் தட்டியபின் ஒலி தேயத் தேய, வாசிப்பவர் வலது காலால் வொல்யூம் பெடலை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போவார். பாதி திறந்த பெடலில் எழும் ஒலியே மண்டபத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மீதிப் பாதி சேமிப்பு. அந்தச் சேமிப்பு இல்லாத அம்ப்ளிஃபயரில், இரண்டு மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்கையில் ஒரு தந்தியின் சுருதியைச் சுருதிப் பெடலால் உயர்த்தினால், சுரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும்.

தரவுத் தாளின்படி, 450 வோல்ட் அனோட் (வால்வின் தகடு) அழுத்தத்தில் 5600 ஓம் சுமையுடன் இயங்கும் இரண்டு 6எல்6ஜிசி வால்வுகள் 55 வாட் தரும். ட்வின் ரிவெர்பில் நான்கு வால்வுகளும் 85 வாட்டும் உள்ளன. எங்கள் தேவாலயத்துக்கு இரண்டே போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை, வருத்தமெல்லாம் மின்மாற்றியில்தான்.

வால்வுகளின் மின்சாரத்தை ஒலிபெருக்கிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வெளியீட்டு மின்மாற்றியை நீரிறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை ஒன்றில் கொடுத்தேன். சுற்று எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் வால்வுப் பக்கத்து முதன்மைச் சுற்று முழுவதையும் அடியில் சுற்றி, ஒலிபெருக்கிப் பக்கத்துத் துணைச் சுற்றை அதன்மேல் ஒரே அடுக்காகப் போட்டிருந்தார்கள். வாசித்தபோது வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பாடுவதைப் போல இருந்தது. பெடல் ஸ்டீலுக்கு வழமையான ஈ9 சுருதியமைப்பில் மூன்றாவது தந்தி 415 ஹெர்ட்ஸில் பாடுவது. அதன் மினுக்கமெல்லாம் மேலே உள்ள கிளைச் சுரங்களில்தான் இருக்கிறது. அவை வெளியே வரவேயில்லை.

இரண்டாவது மின்மாற்றி முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணர் ஒருவர் சுற்றித் தந்தது. அதைப் பொருத்தி, வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பி ஒலியைத் தூய்மையாக்கும் எதிர்ப் பின்னூட்டக் கம்பியை இணைத்து ஆளியைப் போட்டேன். வால்வுகள் சூடேறிய அதே கணத்தில் ஒலிபெருக்கி ஊளையிட்ட ஊளையில் அயல்வீட்டு நாய்களும் சேர்ந்துகொண்டன. மின்னிணைப்பைத் துண்டித்து, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளின் அழுத்தம் இறங்கியதை மீற்றரில் பார்த்து உறுதிசெய்தேன். பின்பு இரண்டு அனோட்களுக்கும் செல்லும் நீலக் கம்பியையும் மண்ணிறக் கம்பியையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பற்றவைத்தேன். மறுபடி போட்டபோது முற்றான அமைதி. பின்னூட்டம் எதிராக வரவேண்டிய இடத்தில் நேராக வந்திருந்தது, அவ்வளவுதான்.

மின்னழுத்தச் சிக்கலோ இன்னும் தீர்ந்தபாடில்லை. மாலையில் அருகிலுள்ள அரிசி ஆலை ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டில் 190 வோல்ட்தான் வரும். அப்போது 6.3 வோல்ட் வரவேண்டிய, வால்வைச் சூடாக்கும் இழைக்கு 5.2 வோல்ட்டும், 450 வரவேண்டிய அனோட்டுக்கு ஏறத்தாழ 370 வோல்ட்டுமே கிடைக்கின்றன. நான் இவ்வளவு பாடுபட்டுத் தேடிய சேமிப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. இதற்காக மின்வழங்கல் மின்மாற்றியில் 200 வோல்ட்டுக்கென ஒரு முனை எடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் அந்த முனையில் வாசித்துக்கொண்டிருக்கையில் ஆலை நின்றதை நான் கவனிக்கவில்லை. அழுத்தம் 230 ஆக ஏறினால் அனோட்டுக்கு 517 வோல்ட் போகும். 6எல்6ஜிசி தாங்கும் உச்சம் 500. பின்புறம் எட்டிப் பார்த்தபோது ஒரு வால்வின் சாம்பல்நிறத் தகட்டில் காய்ச்சிய இரும்பைப் போல மங்கிய சிவப்பு படரத் தொடங்கியிருந்தது. இப்போது அந்த முனையை வெட்டி மூடிவிட்டு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன். மௌன செபத்தின் நடுவே அது ‘டிக்’ என்று படி மாறும்போதெல்லாம் போதகர் என்னைத்தான் பார்க்கிறார்.

முள்ளியவளையிலிருந்து

தம்பி, நீங்கள் குறிப்பிட்ட அந்த அண்ணர் நான்தான். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டபோது பழகிய கைத்தொழில் இது. அப்போது புதிய கம்பி கிடைக்காது. எரிந்த மோட்டார்களிலிருந்து உரித்தெடுத்து, எனாமல் பெயர்ந்த இடங்களை விரலால் தடவித் தேடி விலக்குவோம். அந்தப் பழக்கத்தால் புதுக்கம்பியையும் இன்றுவரை தடவிப் பார்த்துத்தான் சுற்றுகிறேன்.

உங்கள் மின்மாற்றியில் முதன்மைச் சுற்றை நான்கு பகுதிகளாகவும் துணைச் சுற்றை மூன்று பகுதிகளாகவும் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் காப்புத்தாள் வைத்தேன். இரண்டு சுற்றுகளும் இப்படி நெருங்கி இருந்தால்தான் உயர்ந்த அதிர்வெண்கள் கசிந்து வீணாகாமல் மறுபக்கம் போய்ச் சேரும். முதற்கடைக்காரர்மீது அதிகம் குறைசொல்ல வேண்டாம். மோட்டாருக்கு இந்தக் கவலை கிடையாது. தாழ்ந்த பக்கத்தில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு. ஈ9 இன் பத்தாவது தந்தி 123 ஹெர்ட்ஸ்தான். 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய உள்ளகத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

மீற்றரில் பார்த்துக் கைவைத்தேன் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆறுதல். சில ஆண்டுகளுக்கு முன் செருகியைக் கழற்றிவிட்டேன் என்ற நம்பிக்கையில் அடிப்பெட்டிக்குள் கையை விட்டேன். வடிகட்டிக் கொள்ளளவியில் தேங்கிநின்ற மின்சாரம் என்னைச் சுவரோடு சாய்த்தது. முழங்கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் கட்டுபவை எல்லாவற்றிலும் கொள்ளளவிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் தடையி ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைக்கிறேன். 100 மைக்ரோஃபாரட் கொள்ளளவியானால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் அழுத்தம் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இருந்தும் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அளப்பேன்.

வவுனியாவிலிருந்து

அண்ணர்மார் இருவரும் மின்மாற்றியைப் பற்றி எழுதிவிட்டதால் நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். என்னுடைய அம்ப்ளிஃபயரிலும் உயர்ந்த ஒலிகள் மங்கியே வந்தன. மின்மாற்றிதான் காரணம் என்று எண்ணி இரண்டு தடவை அதைக் கழற்றிச் சுற்றுவித்தேன்; அது வீண்செலவு. ஒருநாள் வொல்யூம் பெடலை விலக்கிவிட்டு, கிற்றாரை நேரடியாக அம்ப்ளிஃபயருடன் இணைத்தபோது ஒலி பளிச்சென்று வந்தது. பெடல் ஸ்டீலின் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியில்) கம்பிச் சுற்று மிக அதிகம். என்னுடையதை அளந்தபோது 18 கிலோ ஓம் காட்டியது. அத்தகைய பிக்கப்பின் மீது 500 கிலோ ஓம் பெடலும் ஆறு மீற்றர் கேபிளும் சுமையாக ஏறினால் உச்ச ஒலிகள் வழியிலேயே நின்றுவிடும். ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வின் பாதியை, பிக்கப்புக்குச் சுமையாகாமல் ஒலியை அப்படியே கடத்தும் கதோட் பின்தொடரியாக அமைத்து, அதைப் பெடலுக்கு முன்னே வைத்தேன். அதற்கான மின்சாரம் பிரதான பெட்டியிலிருந்தே போகிறது. பெடல் எந்த நிலையில் இருந்தாலும் இப்போது ஒலியின் நிறம் மாறுவதில்லை. பரந்தன் அண்ணர் அந்த முதல் மின்மாற்றியை இன்னும் எறியவில்லையென்றால், பெடல் இல்லாமல் ஒரு தடவை அதையும் வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.