கோழிக்கூட்டுக் கூரையாகக் கிடந்த பாய்ப்படகு

பழைய மோட்டார் சைக்கிள், பழைய வானொலிப் பெட்டி என்று ஆளாளுக்குத் திருத்திய கதை எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் திருத்தியது ஒரு பாய்ப்படகு. அதுவும் கடலே எட்டாத மலைநாட்டுத் தேயிலை ஊரான ஹட்டனில். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஒரு தோட்டத்துப் பங்களாவின் பின்பக்கம், கோழிக்கூட்டுக்கு மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் தகரம், தகரம் பறக்காமல் இருக்க டயர். எந்தக் காலத்துத் துரை விட்டுப்போனதோ தெரியாது. விலை கேட்டதற்குக் காவல்கார மாமா, “கோழிக்கு வேற கூரை போட்டுக் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போங்க தம்பி” என்றார். நாலு தகரத்தோடு பேரம் முடிந்தது.

கழுவிப் பார்த்த பிறகுதான் எண்டர்பிரைஸ் வகைப் படகு என்று தெரிந்தது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வரைந்த வடிவம். பதின்மூன்று அடிக்குச் சற்று மேல் நீளம், உடம்பெல்லாம் ஒட்டுப்பலகை, பாய் நீல நிறம். எலி தின்றது போக மிச்சமிருந்த பாயும் நீலம்தான்.

நாங்கள் நாலு பேர். நான், தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கும் மச்சான், கதவும் ஜன்னலும் சவப்பெட்டியும் தவிர வேறெதுவும் செய்யாத தச்சு பாஸ், அப்புறம் வல்வெட்டித்துறையிலிருந்து இங்கே படிப்பிக்க வந்த சேர். நாலு பேரில் கடலைப் பார்த்து வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். “எங்கட ஊரில கட்டின அன்னபூரணி 1938இல அமெரிக்காவுக்கே போனது, தெரியுமோ?” என்று தொடங்குவார். உண்மைதான். அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றி, வல்வெட்டித்துறை ஆட்கள் ஓட்டிப்போய் மாசசூசெட்ஸின் குளொஸ்டரில் சேர்த்த கப்பல் அது. ஆனால் பலகைப் பொருத்துகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்க்கத்தான் சேருக்குக் கை துருதுருத்தது. ஒட்டுப்பலகைப் படகில் அதற்கு வேலையே இல்லை. பாவம், இரண்டு நாள் முகம் வாடியே இருந்தது.

அடிப்பலகையில் பெயின்டைச் சுரண்டியபோது தலைகீழாக மூன்று எழுத்து தெரிந்தது: பி.ஓ.பி. அது தேயிலைத் தூளின் ஒரு தரத்துக்குப் பெயர். யாரோ தேயிலைப் பெட்டியை உடைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்! தூளுக்கு நல்ல பலகை, தண்ணீருக்கு ஆகாது. நகத்தால் நெம்பினால் நனைந்த கொப்பி மாதிரி ஏடு ஏடாக வந்தது. அந்த எழுத்துள்ள துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுப் பலகை வாங்கும்போது பாஸ் கடைக்காரர் சொன்ன எதையும் நம்பவில்லை. இரண்டு கடையில் மாதிரித் துண்டு வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பழைய சோற்றுப் பானையில் போட்டு அவித்தார். ஒன்று மூன்று மணி நேரத்தில் பிரிந்து மிதந்தது. மற்றது பொழுது சாயும் வரை அசையவில்லை. அதையே வாங்கினோம். அம்மா அந்தப் பானையை இன்றுவரை அடுப்பில் ஏற்றவில்லை.

சரி, பெரிய கூத்துக்கு வருகிறேன். வேலையை மே மாதத்தில் தொடங்கினோம். தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கம் எப்படிக் கொட்டும் என்று தெரிந்துகொண்டே தொடங்கினோம் என்பதுதான் எங்கள் புத்தி. எபொக்சிப் பசைக்குக் குளிரும் ஆகாது, ஈரமும் ஆகாது. இரவு பூசியது காலையிலும் கருப்பட்டிப் பாகு மாதிரி விரலோடு வந்தது. ஒருவழியாக இறுகினாலும் மேலே எண்ணெய்ப் படை. அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சைப் பூசிவிட்டோம். ஒரு வாரத்தில் தோல் தோலாக உரிந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க ஒரு மாதம்.

படகைச் சுற்றிப் பொலித்தீன் கூடாரம் கட்டி உள்ளே ஆறு பல்புகளை எரியவிட்டோம். சூடு வந்தது. ஆனால் எந்த நேரம் பூசலாம், எந்த நேரம் கூடாது? வழி சொன்னது மச்சான்தான். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானி தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது, கொழுந்து வாடும். குறைந்தால் காற்றிலேயே ஈரம். “கொழுந்து வாடாத நேரத்துல பசையும் காயாதுடா” என்று இரண்டு வெப்பமானி வாங்கிக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டான். அதற்குப் பிறகு ஒரு பூச்சுகூட உரியவில்லை. படகு திருத்துவது பற்றி எவ்வளவோ வீடியோ பார்த்திருந்தேன். இதை எவரும் சொல்லித் தரவில்லை.

விளிம்புச் சட்டத்தை வளைக்க இடியப்பப் பானையில் ஒரு குழாயைச் சொருகி ஆவி பிடித்தோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. முதல் சட்டம் உடைந்தது, இரண்டாவது உட்கார்ந்தது. பாயை ஹட்டன் தையல்காரர் அண்ணன் ஒருவர் ஒட்டுப் போட்டுத் தந்தார்.

அடுத்த பெப்ரவரியில் அனுமதி வாங்கி, கொழுந்து லொறியில் ஏற்றிக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் இறங்கிக் கிடந்ததால் முழங்கால் செஞ்சேற்றில் சுமக்க வேண்டியிருந்தது. தேங்காய் உடைத்து இறக்கினோம். மலைக்காற்று ஒரு பக்கமாக வீசுவதில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலிருந்தும் ஒவ்வொன்று வரும், பாய் திடீரென்று மறுபக்கம் அடித்துத் தலையில் தட்டும். அதைவிட, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் நடுப்பலகை இருக்கும் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஒருவர் ஓட்ட, ஒருவர் ஐஸ்கிரீம் டப்பாவால் இறைக்க, ஒரு சுற்று வந்து கரை சேர்ந்தோம். எங்கே ஒழுகியது என்று அன்று யாருக்கும் பிடிபடவில்லை.

* * *

மேலே எழுதின தம்பிக்கு: நீர் சொன்ன அந்தச் சேர் நான்தான். எங்கே ஒழுகியது என்று எனக்கு அன்றே தெரியும். நடுப்பலகை சுழலும் அச்சாணியை முடுக்கியது நான். இரு பக்கமும் ரப்பர் வளையம் போட வேண்டும், மறந்துபோனேன். அன்னபூரணிக் கதையை அவ்வளவு சொல்லிவிட்டு அதை எந்த வாயால் சொல்வது? அடுத்த சனிக்கிழமை தனியே போய், பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு முடுக்கினேன். அதற்குப் பிறகு படகு ஒழுகினதில்லை. பலகை ஊதித் தானாக அடைத்துக்கொண்டது என்று பாஸ் இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீர் அந்த ஐஸ்கிரீம் டப்பாவை இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.