தூ ஜின் பீ: குணம் பட்டைக்கா, அமிலத்துக்கா?
நண்பர்களே, ஒரு உதவி. படர்தாமரை, சேற்றுப்புண்ணுக்குச் சீன மருத்துவத்தில் மேற்பூச்சாகத் தரும் தூ ஜின் பீ, அதாவது பொன் லார்ச் மரத்தின் வேர்ப்பட்டை, பற்றி நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் தேவை. இதிலுள்ள சூடோலாரிக் அமிலம் பி ஆய்வகத்தில் பூஞ்சையை அடக்குவது தெரிந்ததுதான்.

சிக்கல் வேறு. இந்தப் பட்டையின் கூட்டு டிங்க்சரில் (ஆல்கஹால் கரைசலில்) பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தே வருகின்றன. அந்த ஜோடியே 6%, 3% அளவில் விட்ஃபீல்ட் களிம்பு என்ற பழைய பூஞ்சை மருந்து! பிறகு பட்டைக்கு என்ன பங்கு?

ஆகவே, பட்டை இல்லாமல் இந்த இரண்டு அமிலங்கள் மட்டும் பூசிய ஒப்பீட்டுக் குழு இருக்க வேண்டும். தோல் செதிலில் கேஓஎச் சோதனை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டு நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடுவது), கல்ச்சர் (பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது) இரண்டையும் தொடக்கத்திலும், மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் பார்த்திருக்க வேண்டும். அரிப்பு நின்றதை மட்டும் கணக்கெடுத்தவை வேண்டாம். சாலிசிலிக் அமிலம் செதிலை உரித்தாலே தோல் தெளிந்ததுபோல் தெரியும், பூஞ்சை அடியில் இருக்கும்.

சீன மொழிக் கட்டுரையானாலும் சரி, முடிவு அட்டவணையின் படம் போதும்.