இடுப்பு வலிக்கு ஷாக்வேவ்: எடுத்துக்கிட்டவங்க சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். மூணு வருஷமா இடுப்பு வலி. காலையில பல் தேய்க்கக் குனிஞ்சா இன்னொரு கையால வாஷ்பேசினைப் பிடிச்சுக்கணும். வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு ரெண்டு விரல் மேலே, தொட்டுக் காட்டுற மாதிரி ஒரே இடம். காலுக்கு இறங்கினதே இல்லை. எம்ஆர்ஐல எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை மாதிரி) லேசா பிதுங்கியிருக்குன்னு வந்தது. வலியே இல்லாதவங்களுக்கும் இந்த வயசுல இப்படி இருக்கும்னு சொல்லிட்டு டாக்டர் ஃபிலிமைக் கவருக்குள்ள போட்டுட்டார்.

பிசியோ "ஷாக்வேவ்"னு சொன்னதும் கரண்ட் வைக்கப் போறாங்கன்னு மோதிரத்தைக் கழட்டி பாக்கெட்ல போட்டேன். சிரிச்சார். கரண்டே கிடையாது. கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து கைப்பிடிக்குள்ள இருக்கிற சின்னக் குண்டைத் தள்ளுது, அது முனையில போய் மோதுது, அந்த அதிர்வுதான் உடம்புக்குள்ள போகுது.

குப்புறப் படுக்கவெச்சு, வயித்துக்கு அடியில தலையணை. கட்டைவிரலால அழுத்தி "இங்கயா? இங்கயா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். நான் "ஆ"ன்ன இடத்துல பேனாவால ஒரு வட்டம். ஜெல் சில்லுன்னு இருந்தது. அப்புறம் டகடகடகடகன்னு, ரோடு உடைக்கிற மெஷினோட குட்டி மாதிரி. நொடிக்கு 10 அடி, மொத்தம் 2000. கணக்குப் போட்டா மூணரை நிமிஷம் கூட இல்லை, ஆனா பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடந்தேன். வலி தாங்கலைன்னா சொல்லுங்க, அழுத்தத்தைக் குறைக்கிறேன்னார். வீராப்புல சொல்லலை. அன்னிக்கு ராத்திரி வலி அதிகமாயிடுச்சு, வட்டம் போட்ட இடம் செவந்துபோச்சு.

வாரம் ஒண்ணுன்னு போனேன். மூணாவது சிட்டிங் முடிஞ்சு நாலாம் நாள், பல் தேய்ச்சு வாய் கொப்பளிச்சப்புறம்தான் உறைச்சது, வாஷ்பேசினைப் பிடிக்கவே இல்லைன்னு.

*

உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். நான் ஆறு சிட்டிங் எடுத்தேன், ஒண்ணும் ஆகலை. எனக்கு வலி இடுப்புல தொடங்கி கெண்டைக்கால் வரைக்கும் சுளீர்னு இறங்கும், பெருவிரல் மரத்துப்போகும். நான் போன இடத்துல காலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை, நேரா மெஷினை எடுத்துட்டாங்க. ஆறாவது முடிஞ்சும் வலி அப்படியே இருக்குன்னதும் "இன்னும் நாலு எடுத்துப் பாருங்க"ன்னாங்க. அப்போதான் வேற டாக்டர்கிட்ட போனேன். மல்லாக்கப் படுக்கவெச்சு காலை நேரா தூக்கினார், பாதி தூக்குறதுக்குள்ள கத்திட்டேன். நரம்பு நசுங்கியிருக்கு, வெளியில இருந்து தசையை எவ்வளவு தட்டினாலும் அது விடுபடாதுன்னார். அதை முதல் நாளே யாராவது செஞ்சு பார்த்திருக்கலாம்.

*

அம்மாவுக்காகக் கேட்டுப் பார்த்தேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்கன்னு சொன்னதுமே வேண்டாம்னுட்டாங்க. உள்ளே ரத்தம் கட்டிக்குமாம். கர்ப்பிணிகளுக்கும், அந்த இடத்துல புற்றுக்கட்டியோ தொற்றோ இருக்கிறவங்களுக்கும் கூடாதாம். போறவங்க சாப்பிடற மாத்திரையெல்லாம் சொல்லிடுங்க.

*

நான் பிசியோதெரபிஸ்ட், பதினாலு வருஷமா. ரெண்டு விஷயம் கலந்துபோகுது, பிரிச்சுச் சொல்றேன். முதல் அண்ணா சொன்ன காத்து மெஷின் ரேடியல் வகை, அதன் வேகம் மேலோட்டமாவே பரவி அடங்கிடும். ஃபோகஸ்டு வகை ஆழத்துல ஒரு புள்ளியில குவியும். சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல மியூனிக்ல முதல்முதலா மனுஷங்களுக்குப் பயன்படுத்தினது குவியுற அலையைத்தான். ரெண்டுக்கும் வெளியே ஒரே பேர்தான், எது வைக்கிறாங்கன்னு கேளுங்க.

குதிகால் வலிக்கு இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, அமெரிக்காவில 2000-லயே அனுமதி கிடைச்சது. இடுப்பு வலிக்கு அந்த அளவு கிடையாது. வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது, சில வாரம், சில மாசம்தான் பார்த்திருக்காங்க. அதனால வலி ஒரே இடத்துல, தசையில, அழுத்தினா அதே வலின்னு இருந்தா மட்டும்தான் நான் இந்த மெஷினைக் கையில எடுப்பேன். அதுவும் வலி குறையிற அந்த மூணு நாலு வாரத்துல உடற்பயிற்சியைப் பழக்கிடணும்னுதான். எந்த சிகிச்சை தரலாம்னு டாக்டர்களுக்கு வழிகாட்டுற பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2016-ல கீழ்முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்டு சிகிச்சையும் டென்ஸும் (தோல் மேல ஒட்டி லேசா கரண்ட் கொடுக்கிறது) வேண்டாம்னே சொல்லிடுச்சு, உடற்பயிற்சியை விடலை.

இன்னொண்ணு. உட்காருற இடத்துல மரத்துப்போனாலோ, சிறுநீர் திடீர்னு நின்னுபோனாலோ, கட்டுப்படாமப் போனாலோ எந்த மெஷினும் வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

*

முதல்ல எழுதினவன்தான். ஒரு விஷயத்தை வசதியா விட்டுட்டேன். அஞ்சு மாசம் நல்லா இருந்தது, இப்போ ரெண்டு வாரமா கை மறுபடி வாஷ்பேசினுக்குப் போகுது. இன்னும் ரெண்டு சிட்டிங் போட்டுக்கலாமான்னு என் பிசியோவுக்கு ஃபோன் பண்ணினேன்.

"சொல்லிக்கொடுத்த எக்சர்சைஸ் பண்றீங்களா?"ன்னார்.

லைன் சரியா கேட்கலைன்னு வெச்சுட்டேன்.