அயர்ன் மெய்டன் (பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பாண்ட்): 2000-க்கு அப்புறம் வந்த பாட்டெல்லாம் பழசுக்கு ஈடாகுமா? நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். சென்னையிலிருந்து ஒரு கும்பலாகப் போயிருந்தோம். அதற்கு முந்தின வருஷம்தான் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பம் வந்திருந்தது. மேடை ஏறியதும் அதிலிருந்து 'டிஃபரண்ட் வேர்ல்ட்'. கூட்டத்தில் கொஞ்சம் பேர் கூடப் பாடினார்கள், மற்றவர்கள் தலையை ஆட்டியதோடு சரி. பிறகு பழைய பாட்டான 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்தது. பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் வாயைத் திறக்கும் முன்பே அந்த கிடார் மெட்டை மைதானம் மொத்தமும் பாடத் தொடங்கிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் சோலோவைக்கூட விடாமல் வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்துப் பழசுதான் உசத்தி என்று முடிவு கட்ட எனக்கு மனசில்லை. ஏனென்றால் அன்றைக்கே அந்தப் புது ஆல்பத்தின் 'ஃபார் தி கிரேட்டர் குட் ஆஃப் காட்' வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு, ஆனால் நேரம் போனதே தெரியவில்லை. அதையே வீட்டில் சிடியில் கேட்டால் அந்தக் கோரஸ் ஏன் இத்தனை தடவை வருகிறது என்று தோன்றும்.

என் கட்சி இதுதான்: மெட்டு வற்றிவிடவில்லை, கத்தரிக்கோல்தான் காணாமல் போய்விட்டது. 80-களில் எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்தான் இடம். 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' முழு ஆல்பமே 40 நிமிஷம்தான். தயாரிப்பாளராக மார்ட்டின் பர்ச் என்ற வெளியாள் இருந்தார். நம் ஊர் ரெக்கார்டிங் கடைகளில் 'பவர்ஸ்லேவ்' கேட்டால் ஒரு 60 நிமிஷக் கேசட்டில் அடங்கிவிடும், மிச்ச இடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஸ்கார்ப்பியன்ஸ் பாட்டைத் திணித்துத் தருவார். 2015-இல் வந்த 'தி புக் ஆஃப் சோல்ஸ்' 92 நிமிஷம், 90 கேசட்டிலேயே அடங்காது!

பழைய காலத்திலும் நீளமான பாட்டு உண்டே என்பீர்கள். 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' 13 நிமிஷத்துக்கு மேல். ஆனால் அதில் நடுவே பாட்டு நின்று, கப்பல் கட்டை முனகும் சத்தமும் மூலக்கவிதையை எழுதிய கோல்ரிட்ஜின் வரிகளும் மட்டும் கேட்கும், பிறகு மெல்ல மெல்ல வேகம் ஏறும். அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இப்போதைய நீளப் பாட்டுகளில் அது எனக்குத் தெரிந்துவிடுகிறது: ஒரு நிமிஷம் மெதுவான முன்னோட்டம், பிறகு ஓட்டம், மூன்று கிடார்காரர்களுக்கும் ஆளுக்கொரு சோலோ, கடைசியில் அதே முன்னோட்டம் மறுபடியும். 2000-இலிருந்து தயாரிப்பு கெவின் ஷெர்லி, கூடவே பாண்டின் பேஸ் கிடார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ். பாட்டை எழுதியவரே தயாரிப்பிலும் உட்கார்ந்தால் யார் வெட்டச் சொல்வது?

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு, உங்கள் பழசு வேறு, என் பழசு வேறு. இன்ஜினியரிங் ஹாஸ்டலில் டிசி++ என்ற ஃபைல் பகிரும் சாஃப்ட்வேர் வழியாக வந்த எம்பி3 ஃபோல்டரில் எனக்கு முதலில் கிடைத்தது 'ப்ரேவ் நியூ வேர்ல்ட்', 2000. டிக்கின்சனும் கிடார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்த ஆல்பம் அது, கூடவே மூன்று கிடார் என்ற ஏற்பாடும் வந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. 'பிளட் பிரதர்ஸ்' ஸ்டீவ் ஹாரிஸ் தன் அப்பாவை நினைத்து எழுதியது என்று பின்னால் படித்தேன். எங்கள் விங்கில் அதைத்தான் விடிய விடியப் போடுவோம். எனக்குப் பழைய 'ரன் டு தி ஹில்ஸ்' எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீளம் பற்றி ஒன்று. 'எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்' 18 நிமிஷம். 1930-இல் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குக் கிளம்பி பிரான்சில் விழுந்து எரிந்த ஆர்101 ஆகாயக்கப்பல் பற்றியது, 48 பேர் இறந்தார்கள். டிக்கின்சன் பியானோவில் ஆரம்பிப்பார். அவரே விமானி என்பதாலோ என்னவோ, கப்பல் தடுமாறும் இடமெல்லாம் அப்படியே கண்முன்னால் வரும். இதில் எந்த நிமிஷத்தை வெட்டுவீர்கள், சொல்லுங்கள். ஆனால் 'தி ஃபைனல் ஃபிரான்டியர்' ஆல்பத்தின் ஆரம்பத்தில் வரும் அந்த உறுமலை எடுத்துவிடலாம், அதில் நான் உங்கள் கட்சி.

* * *

நான் இருக்கிறது கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். பிள்ளைகளுக்கு மெய்டன் என்றால் எங்கட ஊர் பாண்ட் மாதிரி. 1975-இல் ஹாரிஸ் தொடங்கியது பக்கத்தில் லெய்ட்டனில், ஆரம்ப நாளில் வாசித்த கார்ட் அண்ட் ஹோர்சஸ் பப் ஸ்ட்ராட்ஃபர்டில்.

இரண்டு கச்சேரி பார்த்தேன், இரண்டும் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னவை. 2023-இல் ஓ2 அரங்கில் மூன்றில் ஒரு பங்குப் பாட்டு 1986-ஆம் ஆண்டின் 'சம்வேர் இன் டைம்' ஆல்பம், இன்னொரு பங்கு 2021-இன் 'சென்ஜுட்சு'. 'அலெக்சாண்டர் தி கிரேட்' பாட்டை அந்தச் சுற்றில்தான் முதன்முதலாக மேடையில் வாசித்தார்கள், 37 வருடம் காத்திருந்த ஆக்கள் அழுததைப் பார்த்தேன். 'சென்ஜுட்சு'வின் 'டெத் ஆஃப் தி செல்ட்ஸ்' தொடங்கினதும் என் வரிசையில் பாதிச் சனம் பியர் வாங்க எழும்பிவிட்டது. உள்ளதைச் சொன்னால் நானும் ஒரு வழி விடுகிற சாட்டில் எழும்பினேன். ஆனால் அதே ஆல்பத்தின் 'ஹெல் ஆன் எர்த்' வந்தபோது ஒருத்தரும் அசையவில்லை. மேடையில் நெருப்பு, கீழே சனம் கையைத் தூக்கினபடி. 11 நிமிடப் பாட்டு அது.

2025 ஜூனில் லண்டன் ஸ்டேடியம். ஹாரிஸ் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் வெறியர், அவருடைய அணியின் மைதானத்திலேயே கச்சேரி. நிக்கோ மக்பிரேன் 2024 டிசம்பரில் மேடையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டதால் டிரம்ஸில் சைமன் டாசன். அந்தச் சுற்றில் 1992-க்குப் பிந்தின பாட்டு ஒன்றுகூட இல்லை. அருமையான இரவுதான், 'ரைம்' முழுசாகக் கேட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும் 'ஹெல் ஆன் எர்த்' இல்லாதது குறையாக இருந்தது. டிக்கெட் விற்கிறது எந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும்; அதற்காக எது நல்ல பாட்டு என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிட்டதாக நான் எடுக்கமாட்டேன்.

* * *

ஆர்101 பாட்டில் கை வைக்க மாட்டேன் தம்பி, அதற்கு விலக்கு. ஈஸ்ட் ஹாம் நண்பர் எழுதியதைப் படித்ததும் 'சென்ஜுட்சு'வை எடுத்து ஒரு எல்பிக்கு ஆகிற மாதிரி வெட்டிப் பார்த்தேன். தலைப்புப் பாட்டு, 'ஸ்ட்ராடீகோ', 'தி ரைட்டிங் ஆன் தி வால்', 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' முதல் பக்கம். 'டார்க்கஸ்ட் அவர்', 'ஹெல் ஆன் எர்த்' இரண்டாம் பக்கம். மொத்தம் 42 நிமிஷம். இந்த வரிசையில் போட்டால் பழைய 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தின் பக்கத்தில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. அதே ஆல்பத்தின் 'பார்ச்மென்ட்' எங்கே என்று கேட்பவர்கள் வரிசையில் வரவும், பதில் வைத்திருக்கிறேன்.