'நைஸ்' என்ற ஆங்கிலப் பெயரடை எங்கிருந்து வந்தது?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்):
பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் 'நைஸ்' என்று எழுதிய இடங்களையெல்லாம் ஆசிரியை அடித்துவிட்டு, வேறு சொல் எழுதும்படி குறித்திருக்கிறார். 'நல்ல', 'இனிய' என்பவற்றுக்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாதா? எங்கள் தெரு மாவு மில்லில் 'நைசாக அரைக்கவா, ரவைப் பதமாகவா' என்று கேட்பதும் இதே சொல்தானா, அல்லது 'நைய' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபா?

மறுமொழி (பெரம்பூர்):
இலத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நே' எதிர்மறை, 'ஸ்கீரே' அறிதல், 'சயின்ஸ்' பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்பதற்கு 'முட்டாள்தனமான' என்றே பொருள். பிறகு கூச்சமுள்ள, எதிலும் குறை காண்கிற, மென்மையான என்று நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான, துல்லியமான' என்றாயிற்று. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் எழுதும்போது அது நுண்ணிய வேறுபாட்டையே குறிக்கிறது. 'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. 'அன்பான' என்பது அதற்கும் பிந்தியது.

மறுமொழி (பழைய வண்ணாரப்பேட்டை):
மில்லில் வழங்குவது ஆங்கிலச் சொல்தான்; மென்மை, நுண்மை என்ற அதன் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. 'நைய அரைத்தல்', 'நையப் புடைத்தல்' என்பவற்றோடு ஓசை ஒத்திருப்பதால் தமிழ் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் 'நைஸ் துணி' என்று கேட்டால் மழமழப்பான துணியை எடுத்துப் போடுவார்கள். 'நைந்த துணி' என்றால் தொட்டாலே கிழிவது. வேர் ஒன்றாக இருந்தால் பொருள் இப்படி முரண்படாது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 'நைசாக நழுவிவிட்டான்' என்கிறோமே, அந்தக் கள்ளத்தனம் ஆங்கிலத்தில் உண்டா?

மறுமொழி (பழைய வண்ணாரப்பேட்டை):
இல்லை, அது நாமே வளர்த்துக்கொண்டது. மழமழப்பிலிருந்து உரசல் இல்லாமை, அதிலிருந்து ஓசைப்படாமல் காரியம் பார்த்தல் என்று பொருள் சென்றிருக்க வேண்டும். நைசாகப் பேசிக் கடன் வாங்குபவரிடமும் இருப்பது அந்த வழுவழுப்புதான்.

மறுமொழி (பெரம்பூர்):
ஆசிரியை அடித்ததில் தவறில்லை. வானிலை, சாப்பாடு, மனிதர் என எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. 'காற்று குளிர்ச்சியாக இருந்தது' என்பதுபோல் மகளை எழுதச் சொல்லுங்கள். இதற்கு நேர் எதிராக நடந்த சொல்லும் ஒன்று உண்டு: இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் 'சில்லி', பழைய ஆங்கிலத்தில் 'பேறுபெற்ற, மகிழ்ச்சியான' என்ற பொருளில் வழங்கியது.