வீட்டிலிருந்து வேலை: லேப்டாப், கரண்ட் பில்லை வரியில் கழிப்பது எப்படி? (அவசரம்)

நெடுஞ்சாலை: வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்குகிறது, உதவுங்கள். வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்துதான் வேலை. நவம்பரில் 72,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். அதையும் இன்டர்நெட், கரண்ட் பில்லையும் எந்தக் கட்டத்தில் போடுவது?

கோவைக்குயில்: சம்பளமா, சொந்தத் தொழிலா? எந்த நிதியாண்டு?

திண்ணை: சம்பளக்காரர் என்றால் இதெல்லாம் கழிக்க முடியாது. கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

நெடுஞ்சாலை: ஃப்ரீலான்ஸ் சாஃப்ட்வேர் கன்சல்டிங். 2024-25.

பேரேடு: இதற்குப் பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்த்திருக்கலாம். லேப்டாப் செலவு அல்ல, சொத்து. ஆண்டுக்கு 40% தேய்மானம் (பயன்பாட்டால் குறையும் மதிப்பு) கழிக்கலாம். நவம்பரில் வாங்கியதால் மார்ச் 31-க்குள் 180 நாள் ஆகவில்லை, ஆகவே பாதிதான்: 20%, அதாவது 14,400. அடுத்த ஆண்டு மிச்சமுள்ள 57,600-இல் 40%. மொத்தத்தையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கரண்ட் பில்லில் அந்த அறையின் பங்கு மட்டும்.

திண்ணை: வீடு அப்பா பெயரிலா? அவருக்கு வாடகை கொடுத்ததாகச் செலவில் எழுதிவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

வைகைக்கரை: அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள் சார். நிஜமாகவே அவர் கணக்குக்குப் பணம் போக வேண்டும். அவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

திண்ணை: வேறு வருமானம் இல்லாத பெரியவருக்கு வரியா வரப்போகிறது?

வைகைக்கரை: வரி வராதது வேறு, பணமே கைமாறாதது வேறு.

கோவைக்குயில்: அவர் வாடகை பற்றிக் கேட்கவே இல்லை. நெடுஞ்சாலை, மொத்த வரவு எவ்வளவு?

நெடுஞ்சாலை: சுமார் 11 லட்சம், எல்லாம் வங்கி வழி. வேறு வருமானம் இல்லை. செலவு 2 லட்சம் தாண்டாது.

கோவைக்குயில்: அப்படியானால் 44ஏடிஏ (வரவில் ஒரு பங்கையே வருமானமாகக் கொள்ளும் வரிப் பிரிவு), அதற்கான படிவம் ஐடிஆர்-4. வரவில் பாதி, 5.5 லட்சத்தை வருமானமாகக் காட்டலாம். செலவும் தேய்மானமும் மற்றப் பாதியில் அடங்கிவிடும், தனியாகக் கழிக்க முடியாது. 2024-25-க்குப் புதிய வரிமுறையில் 7 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி இருந்ததால் வரியே வராது.

பேரேடு: பாதிக்கு மேல் சம்பாதித்தால் அதைக் காட்ட அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. செலவு 2 லட்சம்தான் என்று அவரே எழுதிவிட்டார்.

கோவைக்குயில்: கணக்குப் புத்தகம் வைக்காத சிறு தொழிலருக்காகத்தானே அந்தப் பிரிவே வந்தது? செலவைக் கணக்கிட்டுக் காட்டு என்றால் அது எதற்கு?

பேரேடு: ஆடிட்டரிடம் கேட்கட்டும்.

நெடுஞ்சாலை: கேட்டேன். ஐடிஆர்-4 போட்டாயிற்று. டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்த வரி) ரீஃபண்ட் வர வேண்டும். நன்றி.

கோவைக்குயில்: இ-வெரிஃபை (தாக்கலை ஆன்லைனில் உறுதிப்படுத்துவது) செய்தீர்களா? 30 நாளுக்குள் முடிக்க வேண்டும்.