யார் சுடச் சொன்னது? பொலிஸாரோடு நமக்கு நேர்ந்தவை

தலவாக்கலைக்காரன்:
நான் தொடங்குகிறேன். தம்பி முச்சக்கரவண்டி ஓட்டுபவன். நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மழை இரவில், பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தான். வளைவு திரும்பியதும் வீதித்தடை. டோர்ச் வெளிச்சத்தைக் கண்டு பிரேக்கை மிதித்தான், பிடிக்கவில்லை. வண்டி தடையை இடித்துக்கொண்டு போய்த் தேயிலைக் கானுக்குள் சாய்ந்தது. பின்னால் ஒரு வெடி. வானத்தை நோக்கித்தான் சுட்டோம் என்று பிறகு சொன்னார்கள். கானுக்குள் குப்புறக் கிடப்பவனுக்கு வானம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

முதலில் ஓடிவந்தவர் சுட்ட கொன்ஸ்டபிள்தான். இருபத்திரண்டு வயதுதான் இருக்குமாம். துப்பாக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "மல்லி (தம்பி), பட்டதா, பட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டபடி தம்பியின் முதுகைத் தடவிப் பார்த்திருக்கிறார். நடுங்கியது அவருடைய கைதான் என்று தம்பி இன்றும் சொல்வான்.

கோளாறு பொலிஸ் நிலையத்தில்தான் நடந்தது. வாக்குமூலம் எழுதியவர் மேசையை விட்டு எழும்பாத வேறொருவர். தம்பி தமிழில் சொன்னான், அவர் சிங்களத்தில் எழுதினார், கையொப்பம் போடச் சொன்னார். போட்டுவிட்டான். வழக்குக்காகப் பிரதி எடுத்துச் சிங்களம் படித்தவரிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. நிறுத்தச் சொல்லியும் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்த்தேன் என்று தம்பியே சொன்னதாக இருந்தது. பிரேக் என்ற சொல்லே அதில் இல்லை.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். நிலையத்தின் பெயர், ஆட்களின் பெயர் வேண்டாம். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

பதுளை, சார்ஜன்ட் மகள்:
அப்பா ஓய்வுபெற்ற சார்ஜன்ட், தோட்டத்தில் பிறந்த தமிழர். பொங்கலுக்கு லயத்துக்குப் போனால் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார். தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்று ஜீப் புறப்பட்டால் அப்பாவை மட்டும் நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கமும் அவரை நம்பவில்லை.

துப்பாக்கியோடு வெளியே போகும்போது அதன் இலக்கத்தையும் தோட்டா எத்தனை என்பதையும் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட வேண்டும். திரும்பி வந்ததும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஓர் இரவு ஒரு தோட்டா குறைந்துவிட்டது. ஜீப்பின் மிதியடிகளை வெளியே எடுத்து உதறி, இருக்கைகளைத் தடவி, விடியும்வரை தேடியிருக்கிறார். இருக்கையின் கிழிசலுக்குள் விழுந்து கிடந்ததாம். காலையில் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா வைத்த தேநீர் ஆடை கட்டிப்போனது.

ஒரு தோட்டாவுக்கு அவ்வளவு கறாரான கணக்கு. ஆனால் "சுடு" என்று சொன்னவர் யார் என்று எழுத அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம் கிடையாது என்பார் அப்பா. கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கே பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எவ்வளவு தேவை என்று தீர்மானிப்பவர் ஒருவர், விசையை இழுப்பவர் இன்னொருவர். பிரச்சினை என்று வந்தால் இழுத்தவன் இலக்கம் மட்டும் வெளியே வரும். கொன்ஸ்டபிள் எல்லோரும் கொலைகாரர் என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்கு அந்தத் தேநீர்தான் ஞாபகம் வருகிறது.

ஹேவாஹெட்டைப் பெரியவர்:
மகளே, உன் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் இந்தக் கதை பழையது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காக இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் சிவனு லெட்சுமணன். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்காதே என்று போனவர்களோடு போனவர். இருவர் பெயரும் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சுடச் சொன்னவர்களின் பெயரைக் கேட்டுப்பார், ஒருவரும் சொல்லமாட்டார்கள். நீ சொல்கிற அந்தக் கட்டம் அன்றைக்கும் இருக்கவில்லை.

பண்டாரவளை டீச்சர்:
சுட்டதைப் பற்றியே பேசுகிறோம். சுடாமல் நின்றதை யார் கேட்பது? 2000 ஒக்டோபர் 25 காலை, நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை அடித்தும் வெட்டியும் எரித்தும் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கே இருந்தார்கள், தடுக்கவில்லை. அப்பா கதவைச் சாத்திவிட்டு வானொலியின் சத்தத்தைக் குறைத்தது மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை, அதில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 முடிவதற்குள் எல்லோரும் விடுதலை.

நீதிமன்றம் சாட்சியத்தைத்தான் பார்க்கும், அது எனக்கு விளங்குகிறது. கையில் இருந்த சாட்சியத்தை வைத்து ஒரு பொலிஸ்காரரைத் தூக்குக்கு அனுப்பமுடியாது என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சாட்சியத்தை ஒழுங்காகச் சேர்க்காதவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

கடுகண்ணாவை, ரயில் பயணி:
சுருக்கமாக ஒன்று. 2022 ஏப்ரல் 19, எரிபொருள் விலை ஏறியதற்கு ரம்புக்கனையில் மறியல், தண்டவாளம் மறிக்கப்பட்டிருந்தது. நான் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன், சுடும்போது அங்கே இல்லை. ஒருவர் இறந்தார். எரிபொருள் ஏற்றிவந்த பௌசருக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள் என்பது பொலிஸ் தரப்பு. சுட உத்தரவிட்ட அதிகாரியைக் கைதுசெய்யும்படி கேகாலை நீதவான் கட்டளையிட்டார், சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைதானார். கேள்வி மேலே போனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஹட்டன் லிகிதர்:
சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். நம் ஆட்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வருவார், மாவட்டத் தலைவர் பேசுவார் என்று இருந்துவிட்டு மூன்றாம் மாதம் வருவார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தொலைபேசி 1996. பொலிஸாரின் நடத்தை பற்றியது என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தலவாக்கலைக்காரன்:
தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். வழக்கில் அந்தச் சிறு கொன்ஸ்டபிளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். மழை, வீதி வழுக்கல், வண்டி சாய்ந்ததும் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை, நான் ஒரு வேட்டுத் தீர்த்தேன். எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வைத்திருந்தார். மேசைக்காரர் எழுதியதற்கும் அதற்கும் பொருந்தவில்லை. நீதவான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

தப்பியோடப் பார்த்த குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டியதற்குத் தண்டப்பணம் கட்டிவிட்டு வெளியே வந்தோம். கொன்ஸ்டபிள் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். தம்பி பக்கத்தில் போனதும், "பிரேக்கைச் சரிசெய்துவிட்டாயா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றான். தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.